கைப்பக்குவம் தொழிலாகும் வழி: வீட்டிலிருந்து பொடி வியாபாரம் தொடங்குபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

“உங்க கைப்பக்குவத்துக்கு நீங்க ஒரு கடையே வைக்கலாம்” என்று நாலு பேர் சொன்ன பிறகுதான் நம் ஊர்களில் பெரும்பாலான வீட்டுத் தொழில்கள் தொடங்குகின்றன. அந்தப் பாராட்டில் பொய் இல்லை. ஆனால் அதைச் சொன்னவர்கள் நம் வீட்டில் உட்கார்ந்து, காசு கொடுக்காமல் சாப்பிட்டவர்கள். முகம் தெரியாத ஒருவர் காசு கொடுத்து வாங்கி, பிடித்துப்போய், அடுத்த மாதம் தேடி வந்து இன்னொரு பாக்கெட் கேட்கும்போதுதான் அது தொழிலாகிறது.

இந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி போன்றவற்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். குறைந்த முதலீட்டில் தொடங்கலாம், அடுப்பும் மிக்சியும் ஏற்கெனவே வீட்டில் இருக்கின்றன, பொருளும் ஒரே நாளில் கெட்டுப்போகாது. கையில் இருக்கும் பக்குவத்தை எடையாகவும் கணக்காகவும் நோட்டில் எழுதாதவரை அந்தத் திறமையால் குடும்பத்துக்கு வருமானம் வராது என்பதே என் உறுதியான எண்ணம். கீழே உள்ள படிகள் எல்லாம் அதைச் சுற்றியே வருகின்றன.

படி 1: உங்கள் திறமை எது என்று பிரித்துப் பாருங்கள்

பொடி வியாபாரத்துக்கு மூன்று விதமான திறமை வேண்டும். பக்குவமாகச் செய்வது ஒன்று, ஆட்களிடம் பேசி விற்பது இன்னொன்று, கணக்கு வைப்பது மூன்றாவது. மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பது அரிது. நன்றாகச் சமைப்பவர் கடைக்காரரிடம் பணம் கேட்கக் கூச்சப்படுவார். நன்றாகப் பேசுபவர் கணக்கில் கோட்டை விடுவார்.

உங்களிடம் இல்லாதது எது என்று தெரிந்துகொண்டு, அது இருக்கும் ஒருவரைக் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். கணவராக இருக்கலாம், நாத்தனாராக இருக்கலாம், சுய உதவிக் குழுவில் உடன் இருப்பவராக இருக்கலாம். யாரானாலும் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்: யார் எவ்வளவு பணம் போடுகிறார், யாருக்கு என்ன வேலை, லாபம் எப்படிப் பிரியும், ஒருவர் விலகினால் என்ன செய்வது. சொந்தக்காரருக்குள் எழுத்து எதற்கு என்று தோன்றும். உறவு கெடாமல் இருக்கத்தான் அந்த எழுத்து.

படி 2: ஒரே ஒரு பொருளோடு தொடங்குங்கள்

பத்து வகைப் பொடியும் உங்களுக்குச் செய்யத் தெரியும், சரி. ஆனால் பத்து வகை என்றால் பத்து வகைச் சரக்கு, பத்து லேபிள், பத்து விதமான கெடும் காலம். எதைச் சாப்பிட்டு எல்லோரும் மறுபடி கேட்கிறார்களோ அந்த ஒன்றை மட்டும் எடுங்கள். அது நிலைத்த பிறகு இரண்டாவதுக்குப் போகலாம்.

படி 3: கையளவை எடையளவாக மாற்றுங்கள்

அதிகம் பேர் தாண்டிவிட்டுப் போகும் படி இதுதான், பிறகு அதிகம் வருத்தம் தருவதும் இதுதான். “ரெண்டு கை உளுந்து, ஒரு கை கடலைப்பருப்பு, காரத்துக்கு ஏத்த மிளகாய்” என்பது வீட்டுக்குப் போதும். வாங்குபவருக்குச் சித்திரையில் வாங்கிய ருசியே ஆவணியிலும் வேண்டும். இல்லையென்றால் அவர் வாய் திறந்து குறை சொல்லக்கூட மாட்டார், வாங்குவதை நிறுத்திவிடுவார்.

ஒரு கிராம் வரை காட்டும் தராசு வாங்குங்கள். நீங்கள் வழக்கமாகச் செய்வதுபோலவே செய்யுங்கள். ஆனால் ஒவ்வொரு பொருளையும் வாணலியில் போடுமுன் எடை போட்டு, நோட்டில் எழுதுங்கள். வறுத்து ஆறிய பின் மறுபடி எடை போடுங்கள். எந்த வாணலி, எவ்வளவு தீ, எத்தனை நிமிடம், என்ன நிறம் வந்ததும் இறக்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள். இப்படிச் சில தடவை எழுதிப் பார்த்தால் உங்கள் கை எந்த அளவில் நிற்கிறது என்பது எண்ணாகத் தெரியும். அந்த எண்தான் உங்கள் தொழில் ரகசியம். அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள்.

மிளகாயில் தனிக் கவனம் வேண்டும். நீள மிளகாயும் குண்டு மிளகாயும் காரத்தில், நிறத்தில் ஒன்றல்ல. ஒரே வகையிலேயே ஒரு மூட்டைக்கும் அடுத்த மூட்டைக்கும் காரம் மாறும். அதனால் புதுச் சரக்கு வந்ததும் சிறிய அளவில் ஒரு பொடி அரைத்துப் பார்த்து, மிளகாயின் எடையைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ பிறகு முழு அளவு போடுங்கள். காம்பு கிள்ளிய பிறகு உள்ள எடையைத்தான் எழுத வேண்டும், ஏனென்றால் பொடியில் சேர்வது அதுதான். காம்புக்கும் நீங்கள் காசு கொடுத்திருக்கிறீர்கள், அதை எடை இழப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மில்லில் அரைப்பதாக இருந்தால் காலையில் முதல் ஆளாகப் போவது நல்லது. உங்களுக்கு முன்னால் யாரோ மல்லியோ மிளகாயோ அரைத்திருந்தால் அதன் வாசமும் காரமும் உங்கள் பொடியில் ஏறும். மில்லுக்குள் கொஞ்சம் தங்கிவிடும் என்பதையும் எடை இழப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: எத்தனை நாள் தாங்கும் என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள்

பொடி கெடுவதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள். ஒன்று ஈரம், மற்றொன்று எண்ணெய்ச் சத்து காற்றோடு சேர்ந்து காறல் வாடை அடிப்பது.

ஈரம் பல வழிகளில் உள்ளே வருகிறது. பருப்பின் நடுப்பகுதி சரியாக வறுபடாமல் இருக்கலாம். கறிவேப்பிலையும் பூண்டும் மொறுமொறுப்பாகும் முன்பே இறக்கப்பட்டிருக்கலாம். கல் உப்பை வெறும் வாணலியில் சூடுபடுத்தாமல் போட்டால் அதில் உள்ள ஈரமும் சேரும். எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது, அரைத்த சூடு ஆறுமுன் பாக்கெட்டை மூடிவிடுவது. உள்ளே ஆவி நீராகி, சில நாளில் கட்டி பிடிக்கும், பூஞ்சை வரும். அரைத்ததை அகலமான தட்டில் பரப்பி, மெல்லிய துணி மூடி, முழுதும் ஆறிய பிறகே அடையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறவைக்கும் நேரத்திலேயே பொடி காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். அந்த மாதங்களில் சிறிய அளவில் அடிக்கடி செய்வது உத்தமம்.

காறல் வாடை எள், நிலக்கடலை, கொப்பரை சேர்ந்த பொடிகளில் சீக்கிரம் வரும். சாதாரண ஒற்றை பிளாஸ்டிக் கவர் வழியே காற்றும் வாசமும் மெல்லப் போய் வரும். உள்ளே அலுமினியப் பூச்சுள்ள பல அடுக்குப் பை கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் ருசியைக் காப்பாற்றும்.

ஒவ்வொரு முறை செய்யும்போதும் சில பாக்கெட்டை விற்காமல் தேதி எழுதி எடுத்து வையுங்கள். வாரம் ஒன்றைப் பிரித்து முகர்ந்து, சுவைத்து, நோட்டில் எழுதுங்கள். வாசம் எந்த வாரத்தில் இறங்குகிறதோ, அதற்கு நன்றாக முந்தைய ஒரு நாளை உங்கள் கெடுநாளாக வையுங்கள். பக்கத்துக் கடைப் பாக்கெட்டில் ஆறு மாதம் என்று போட்டிருக்கிறது என்பதற்காக நீங்களும் ஆறு மாதம் போடக் கூடாது. ஒருவர் வயிறு சம்பந்தப்பட்ட விஷயம் இது. அளவு பெருகியதும் உணவு ஆய்வகத்தில் கொடுத்து ஈரப்பதத்தையும் நுண்ணுயிரையும் பார்த்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரில் மத்திய அரசின் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. உணவுப் பரிசோதனை, சிறு தொழில் முனைவோருக்கான பயிற்சி இரண்டும் அங்கே உண்டு.

படி 5: அறியாதவர்களிடம் சோதியுங்கள்

உறவினர் அல்லாத இருபது முப்பது பேருக்குச் சிறு பாக்கெட் விற்றுப் பாருங்கள். இலவசமாகத் தராதீர்கள், குறைந்த விலையாவது வாங்குங்கள். “நல்லா இருந்துச்சா?” என்ற கேள்விக்கு எல்லோரும் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். எத்தனை பேர் தாமாக இரண்டாவது பாக்கெட் கேட்டார்கள் என்று மட்டும் பாருங்கள். பாதிப் பேராவது திரும்பி வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். வராதவர்களிடம் காரம் கூடுதலா, உப்பு குறைவா, விலை உறைக்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள். குறிப்பாகக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

படி 6: விலை போடுதல்

இதற்கு ஒரு மாதிரிக் கணக்கு போட்டே காட்டுகிறேன். எண்கள் புரிதலுக்காக வைத்துக்கொண்டவை, உங்கள் ஊர் விலையை வைத்து நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டும்.

5 கிலோ சரக்கு வாங்க 1,100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காம்பு, புடைத்தல், வறுவல், மில் இழப்பு எல்லாம் போய்க் கையில் வருவது 4.6 கிலோ. அதாவது 100 கிராமில் 46 பாக்கெட். எரிவாயு 80, மில் கூலி 150, பைக்கும் லேபிளுக்கும் பாக்கெட்டுக்கு 7 வீதம் 322. இதுவரை 1,652 ரூபாய். பாக்கெட்டுக்கு ஏறத்தாழ 36.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, “36 அடக்கம், 50-க்கு விற்றால் 14 லாபம்” என்று நினைப்பவர்கள் ஏராளம். உங்கள் உழைப்பு எங்கே போயிற்று? சுத்தம் செய்ய, வறுக்க, ஆறவைக்க, அடைக்க 7 மணி நேரம் ஆனால், மணிக்கு 80 வீதம் 560 ரூபாய். சேர்த்தால் 2,212. பாக்கெட்டுக்கு 48. கடைக்காரர் விற்பனை விலையில் 20 சதவீதம் எடுப்பார் என்றால், 50 ரூபாய்ப் பாக்கெட்டில் உங்கள் கைக்கு வருவது 40. ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 ரூபாய் நட்டம். விற்க விற்க நட்டமும் ஏறும், கூடவே முதுகுவலியும் வரும்.

அதே பாக்கெட்டை 75 என்று வைத்தால் கடைக்காரருக்கு 15, உங்களுக்கு 60, உழைப்புக் கூலி போக மிச்சம் 12. போக்குவரத்து, திரும்பி வரும் பாக்கெட், நாளைக்கு வாங்க வேண்டிய இயந்திரம் எல்லாம் அந்த 12-க்குள்தான். 75 உங்கள் ஊரில் போகாது என்றால், உழைப்பு நேரத்தைக் குறைக்கவோ சரக்கை மொத்த மண்டியில் வாங்கவோ வழி பார்க்க வேண்டும். கூலியைக் கணக்கிலிருந்து அழிப்பது வழியாகாது. வீட்டுப் பெண்களின் உழைப்புக்கு விலை போடாத பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. தொழிலுக்குள்ளும் அதைக் கொண்டுவர வேண்டாம்.

படி 7: பதிவுகள்

உணவுப் பொருள் விற்பவர் எவ்வளவு சிறியவரானாலும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு கட்டாயம். அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், இ-சேவை மையத்திலும் உதவி கேட்கலாம். சிறிய அளவில் செய்பவருக்குப் ‘பதிவு’ போதும், விற்பனை வளர்ந்தால் ‘உரிமம்’ வேண்டும். எந்த அளவுக்கு எது என்பதை விண்ணப்பிக்கும் நாளில் அந்தத் தளத்திலேயே பாருங்கள். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும்.

குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும், கட்டணம் எதுவும் இல்லை. அரசுத் தளம்போலவே தோற்றம் காட்டிக் காசு பிடுங்கும் தளங்கள் உண்டு. பணம் கேட்டால் அங்கிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

ஜி.எஸ்.டி. விஷயத்தில் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு அவசியம் என்பது பொது விதி. ஆனால் வெளி மாநிலத்துக்கு வரி உள்ள பொருளை விற்கத் தொடங்கினால் அந்த வரம்பு உதவாது. பெங்களூரு வாடிக்கையாளருக்குக் கூரியர் அனுப்பத் தொடங்குமுன் ஒரு வரி ஆலோசகரிடம் பேசிவிடுங்கள்.

பாக்கெட் போட்டு விற்பவர்களுக்கு எடையளவுச் சட்டமும் உண்டு. தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை கவனிக்கிறது. வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் தராசில் அரசு முத்திரை இருக்க வேண்டும். ஆன்லைனில் வாங்கிய சமையலறைத் தராசு சோதனைக்கு ஆகும், விற்பனை எடைக்கு ஆகாது. பெரிய அரவை இயந்திரம் வைக்கும் எண்ணம் இருந்தால் வீட்டு மின் இணைப்பு போதுமா என்று மின்வாரிய அலுவலகத்தில் முன்பே கேளுங்கள்.

படி 8: பெயரும் லேபிளும்

லேபிளில் வர வேண்டியவை: பொருளின் பெயர், சேர்மானங்கள் (அதிக எடையுள்ளது முதலில்), சைவக் குறியான பச்சைச் சதுரமும் வட்டமும், நிகர எடை, தயாரித்த தேதி, கெடுநாள், தொகுதி (பேட்ச்) எண், எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச விலை, ஒரு கிராமின் விலை, உங்கள் முகவரி, புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண்.

பெருங்காயத்தைக் கவனியுங்கள். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். கோதுமை ஒவ்வாதவர்களுக்கு அது ஆபத்து. உங்கள் பெருங்காய டப்பாவின் சேர்மானப் பட்டியலைப் படித்து, கோதுமை இருந்தால் உங்கள் லேபிளிலும் சொல்லுங்கள். நிலக்கடலை சேர்ப்பதையும் தெளிவாகத் தெரியும்படி போடுங்கள்.

பெயர் வைக்கும்போது ஊர்ப் பெயரில் நிதானம் தேவை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலை மிட்டாய், மணப்பாறை முறுக்கு போன்றவற்றுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பிற்பாடு இனிப்பு, முறுக்கு என்று விரிவாக்கும்போது எங்கோ செய்து அந்தப் பெயரில் விற்க முடியாது, விற்கவும் கூடாது. உங்கள் பெயருக்கு வணிகச் சின்னம் பதிய விரும்பினால், பொடி வகைகள் 30-ஆம் வகுப்பில் வரும். தனி நபருக்கு இணைய வழிக் கட்டணம் 4,500 ரூபாய். அதற்கு முன் அதே பெயர் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று வணிகச் சின்னத் தளத்தில் தேடிப் பாருங்கள், தேடுவதற்குக் கட்டணம் இல்லை.

படி 9: எங்கே விற்பது

தெருவில், அடுக்குமாடிக் குடியிருப்பில், வாட்ஸ்அப் குழுவில் நேரடியாக விற்பதில் தொடங்குங்கள். கடை லாபம் உங்களிடமே தங்கும், குறை நிறையும் நேரில் தெரியும். சுய உதவிக் குழுவில் இருப்பவர்களுக்கு மகளிர் திட்டம் நடத்தும் கண்காட்சிகளும் கல்லூரிச் சந்தைகளும் நல்ல வாய்ப்பு. மாவட்டத் திட்ட அலுவலகத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.

கடைகளுக்குக் கொடுக்கும்போது ஆறு பாக்கெட், பத்து பாக்கெட் என்று குறைவாக வைத்து, வாரம் ஒரு நாள் நேரில் போங்கள். விற்றதற்குப் பணம் வாங்கிக்கொண்டு, கெடுநாள் நெருங்கியதை எடுத்துவிட்டு, புதியதை வையுங்கள். “மாசக் கடைசியில சேர்த்துத் தர்றேன்மா” என்ற பதிலுக்கு மரியாதையாக, “இந்த வாரக் கணக்கை முடிச்சிட்டு அடுத்ததை வைக்கிறேன் அண்ணாச்சி” என்று சொல்லப் பழகுங்கள். கடனில் நின்ற பணம்தான் சிறு தொழில்களை முதலில் மூச்சுத் திணற வைக்கிறது. பத்துக் கடையில் வைத்துப் பத்திலும் பாக்கி நிற்பதைவிட, ஒழுங்காகப் பணம் தரும் மூன்று கடை மேல்.

படி 10: பணம், கடன், மானியம்

தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்கி, அதற்குத் தனி க்யூஆர் அட்டை வாங்குங்கள். வீட்டுக்குச் செலவு வேண்டுமென்றால், உங்கள் கூலியாக மாதம் ஒரு தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு மளிகையிலிருந்து பருப்பு எடுத்தால் அதையும் நோட்டில் எழுதுங்கள்.

கடனை எடுத்த எடுப்பில் வாங்காதீர்கள். மறுபடி வாங்கும் வாடிக்கையாளர்கள் இருந்து, கைவேகம் போதாமல் கேட்டவர்களுக்குக் கொடுக்க முடியாத நிலை வந்தால், அப்போது இயந்திரத்துக்காக வாங்குங்கள். முத்ரா திட்டத்தில் சிஷு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணை இல்லாமல் கேட்கலாம். உணவு பதப்படுத்தும் குறு நிறுவனங்களுக்காக 2020-இல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில், திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை வங்கிக் கடனோடு சேர்ந்த மானியம் என்ற அமைப்பு வைக்கப்பட்டது. இப்போது எந்தெந்தத் திட்டம் நடப்பில் இருக்கிறது, உங்களுக்கு எது பொருந்தும் என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய்க் கேளுங்கள். இடைத்தரகருக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. மானியம் வருகிறது என்பதற்காகத் தேவைக்கு மேல் பெரிய இயந்திரம் வாங்கினால், தவணை கட்டுவது நீங்கள்தான்.

வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் மாவட்டந்தோறும் உள்ளன. பயிற்சி இலவசம். பயிற்சி முடித்தவர்களின் கடன் விண்ணப்பத்துக்கு அங்கேயே வழிகாட்டுவார்கள்.

படி 11: ஆள் சேர்க்கும்போது எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது

லிஜ்ஜத் அப்பளம் 1959-இல் பம்பாயில் ஏழு பெண்கள், கடனாக வாங்கிய 80 ரூபாயில் தொடங்கிய தொழில். இன்று பல்லாயிரம் பெண்கள் அதில் உறுப்பினர்கள். அவர்களின் வேலை முறையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. மாவை ஒவ்வொருவரும் வீட்டில் தனித்தனியாகப் பிசைவதில்லை. மையத்தில் ஒரே அளவில் பிசைந்த மாவை வாங்கிக்கொண்டு போய், வீட்டில் தேய்த்துக் காயவைத்து, மறுநாள் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ருசியைத் தீர்மானிக்கும் வேலை ஒரே இடத்தில் நிற்கிறது, கைகள் அதிகம் தேவைப்படும் வேலை பல வீடுகளுக்குப் பரவுகிறது.

பொடியிலும் இதையே செய்யலாம். சுத்தம் செய்வது, காம்பு கிள்ளுவது, எடை போட்டு அடைப்பது, லேபிள் ஒட்டுவது ஆகியவற்றை முதலில் மற்றவரிடம் கொடுங்கள். சரக்குத் தேர்வும் வறுவலும் கடைசி ருசி பார்ப்பதும் உங்களிடம் இருக்கட்டும். பின்னால் வறுவலையும் கொடுக்க வேண்டி வந்தால், படி 3-இல் எழுதிய நோட்டை எடுங்கள். புதியவர் அதைப் பார்த்துத் தனியாக ஒரு தொகுதி செய்யட்டும். அதையும் நீங்கள் செய்ததையும் பேர் எழுதாமல் இரண்டு கிண்ணத்தில் வைத்து, வழக்கமாக வாங்கும் சிலரிடம் சுவைக்கக் கொடுங்கள். எது யாருடையது என்று அவர்களால் சொல்ல முடியாவிட்டால் வாணலியை அவரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் இரண்டாவது பொருளை எடை போட உட்காரலாம்.